வாய்க்கால் வெட்டப் போனவர் ரயில் என்ஜின் வடிவமைத்த கதை

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போத்தனூருக்கும் பட்டாம்பிக்கும் இடையே 1862-ஆம் ஆண்டிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் வரை ஒரே இருப்புப்பாதை ஆயிற்று. அமெரிக்காவில் கிழக்கிலிருந்து போட்டுவந்த பாதையும் கலிஃபோர்னியாவிலிருந்து போட்டுவந்த பாதையும் யூட்டாவின் பிராமன்டரி மேட்டில் ஒன்றுசேர்ந்தது 1869 மே 10 அன்று. நீளத்தில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. அவர்களுடையது பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்த பாதை. ஆனாலும் காலக்கணக்கில் ரயில் எங்கள் பக்கத்துக்குப் பிந்தி வரவில்லை என்பதை வாளையாறு வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அப்படியிருக்க, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலேயே மிக அதிகமாகத் தொழிற்பண்டங்களைச் செய்யும் நாடாக அமெரிக்கா உயர்ந்ததும், இங்கே என்ஜினும் தண்டவாளமும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்ததும் எதனால் என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடவில்லை.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். கொழிஞ்சாம்பாறையில் அப்பா தொடங்கிய லேத் பட்டறையை நடத்துகிறேன். கோபாலபுரம் ஒரு பக்கம், வேலந்தாவளம் மறுபக்கம் என்று எல்லைச் சாலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது; கேரளத்துக்குள் இருந்தாலும் எங்களுக்கு வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். தென்னந்தோப்புகளின் தண்ணீர் மோட்டாரும், டிராக்டரின் தேய்ந்த புஷ்ஷும், உடைந்த ஷாஃப்டும் எங்களுக்குச் சோறு போடுகின்றன. அமெரிக்கத் தொழில் வரலாற்றைக் கிடைத்த நூல்களிலெல்லாம் தேடிப் படித்தபோது, என் கண் தானாகவே தலைவர்களையும் பணக்காரர்களையும் தாண்டி, அந்த வேலைகளைச் செய்த கைகளின் மேல் போய் நின்றது. ஒரு வேலையில் பழகிய கை, அங்கேயே நின்றுவிடாமல், அடுத்த வேலைக்கும் அதற்கடுத்த வேலைக்கும் நகர்ந்துகொண்டே இருந்ததுதான் அந்த நாட்டின் வளர்ச்சிக்கு அடிப்படை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதை ஈரி வாய்க்காலிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

1817 ஜூலை 4 அன்று நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்னும் சிற்றூரில் அந்த வாய்க்காலை வெட்டத் தொடங்கினார்கள். ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஆல்பனியிலிருந்து ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ வரை 363 மைல் நீளம், 40 அடி அகலம், 4 அடி ஆழம். மேடு பள்ளங்களில் படகை ஏற்றி இறக்க 83 பூட்டுமடைகள். அன்றைக்கு அந்த நாட்டில் பொறியியல் பயின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதன்மைப் பொறுப்பேற்ற பெஞ்சமின் ரைட்டும் ஜேம்ஸ் கெடிஸும் நிலம் அளந்தும் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லியும் பழகியவர்களே தவிர, அதற்கு முன் பெரிய வாய்க்கால் எதையும் வெட்டியவர்கள் அல்லர். கான்வஸ் ஒயிட் என்ற இளைஞர் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள வாய்க்கால்களை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். தண்ணீருக்கடியிலும் இறுகும் காரைக்கு ஏற்ற சுண்ணாம்புக்கல் வாய்க்கால் போகும் வழியிலேயே கிடைக்கிறது என்பதையும் கண்டறிந்து உதவினார். கவர்னர் டிவிட் கிளின்டனின் பெயரைச் சொல்லி அதைக் 'கிளின்டனின் சாக்கடை' என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். சுமார் 70 லட்சம் டாலர் செலவில் 1825 அக்டோபரில் வேலை முடிந்தது.

அதன் பின் நடந்ததை வண்டிச்சத்தக் கணக்கில், அதாவது சரக்குக் கூலிக் கணக்கில் பார்த்தால்தான் விளங்கும். பஃபலோவிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு ஒரு டன் சரக்கைத் தரைவழியாகக் கொண்டுவர ஏறத்தாழ 100 டாலர் ஆனது. வாய்க்கால் வந்தபின் அது 10 டாலருக்கும் கீழே இறங்கியது. கோதுமையின் விலையைவிட வண்டிச்சத்தம் அதிகமாக இருந்தவரை, மேற்கில் எவ்வளவு விளைந்தாலும் அது அந்த ஊர்ச் சோற்றுக்கு மட்டும்தான் ஆகும். வண்டிச்சத்தம் பத்தில் ஒன்றானதும் அதே நிலம் சந்தைக்கான நிலமாக மாறியது. விளைச்சலை விற்ற காசில் உழவர் இரும்புக் கலப்பை வாங்கினார். கலப்பை செய்பவருக்குப் பட்டறை தேவைப்பட்டது. தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டிக்கு டீசல் விலை கூடினால் பறிக்காமலே செடியில் விட்டுவிடும் விவசாயிகளை இன்றும் எங்கள் பக்கத்தில் பார்க்கிறேன் என்பதால், இந்த ஒரு கணக்கே எனக்கு அந்த நூற்றாண்டின் பாதியைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வாய்க்கால் உருவாக்கிய மனிதர்களைப் பற்றி. ரோம் நகரில் மர வியாபாரம் செய்துவந்த ஒருவரின் மகன் ஜான் ஜெர்விஸ், 1817-இல் தமது 21-ஆம் வயதில், அளவுக்கோடு போகும் வழியில் மரம் வெட்டிக் கொடுக்கும் கோடாரிக்காரராக வாய்க்கால் வேலைக்குச் சேர்ந்தார். நில அளவைக்காரர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். மட்டக்கோல் பிடிக்கக் கேட்டு வாங்கினார். இரவில் கணக்கு படித்தார். சில ஆண்டுகளிலேயே ஒரு பகுதிக்குப் பொறுப்புப் பொறியாளர் ஆனார். ஈரி வாய்க்கால் முடிந்ததும் டெலவேர்–ஹட்சன் வாய்க்கால் கம்பெனியின் முதன்மைப் பொறியாளர் பதவிக்கு வந்தார். அந்தக் கம்பெனி பென்சில்வேனியாவின் நிலக்கரியைச் சுரங்கத்திலிருந்து வாய்க்கால் வரை கொண்டுவர ஒரு குறுகிய இருப்புப்பாதை போட்டது. அதற்காகத் தம்மிடம் வேலை பழகிய ஹொரேஷியோ ஆலனை இங்கிலாந்துக்கு அனுப்பி என்ஜின் வாங்கிவரச் செய்தார் ஜெர்விஸ்.

வந்து இறங்கியது 'ஸ்டவர்பிரிட்ஜ் லயன்'. 4 டன் எடைக்குள் கேட்ட என்ஜின் ஏறத்தாழ 7 டன் இருந்தது. 1829 ஆகஸ்ட் 8 அன்று, மரக்கட்டைமேல் இரும்புப் பட்டை அடித்த அந்தத் தண்டவாளத்தில், வேறெவர் உயிரையும் பணயம் வைக்க விரும்பாமல் ஆலன் தனியாக ஏறி ஓட்டிப் பார்த்தார். என்ஜின் ஓடியது, பாதை தாங்காது என்பதும் தெரிந்தது. அத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு பட்டறைக்காரனாக, இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்று யோசித்திருக்கிறேன். இங்கிலாந்து என்ஜின்கள் நேரான, உறுதியான, நிறைய முதல் போட்ட பாதைக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவிலோ தூரம் அதிகம், முதல் குறைவு. மலையைக் குடையாமல் சுற்றிக்கொண்டு போகும் வளைவான, இலேசான பாதையைத்தான் அவர்களால் போட முடிந்தது. என்ஜினுக்கு ஏற்பப் பாதையைத் திருத்த வசதி இல்லாதபோது பாதைக்கு ஏற்ப என்ஜினைத் திருத்த வேண்டியிருந்தது. 1832-இல் ஜெர்விஸ் வடிவமைத்த என்ஜினில் முன்பக்கம் தனியாக ஒரு நான்கு சக்கரச் சட்டம் இருந்தது. வளைவில் அது தானாகத் திரும்பிக்கொண்டு பின்னால் வரும் பெரிய சக்கரங்களுக்கு வழிகாட்டியது. அமெரிக்க என்ஜின்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடையாளமாயிற்று. கோடாரியோடு வாய்க்கால் வேலைக்குப் போனவர் பதினைந்தே ஆண்டுகளில் இங்கிலாந்து செய்யாத என்ஜினைச் செய்துகாட்டினார்.

அதே காலத்தில் இன்னும் பலர் இப்படி இருந்தார்கள். தட்டையான அடிப்பாகம் கொண்ட தண்டவாளத்தை ராபர்ட் ஸ்டீவன்ஸ் 1830-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது மரத்துண்டில் செதுக்கிப் பார்த்து உருவாக்கினார் என்பார்கள். கஞ்சிக்கோட்டில் இன்று நாம் பார்க்கும் தண்டவாளமும் அந்தத் தட்டையடி வகையைச் சேர்ந்ததே. அவர் வாங்கிய 'ஜான் புல்' என்ஜின் 1831-இல் துண்டு துண்டாக வந்தபோது, அதற்குமுன் ரயில் என்ஜினைக் கண்ணால் பார்த்திராத ஐசக் டிரிப்ஸ் என்ற இளம் மெக்கானிக் வரைபடமும் இல்லாமல் அதைப் பூட்டி ஓடவைத்தார். நகைத் தொழிலிலிருந்து வந்த மத்தியாஸ் பால்ட்வின் அந்த என்ஜினைப் போய்ப் பார்த்துவிட்டு, 1832-இல் பிலடெல்ஃபியாவில் தாமே ஒன்றைச் செய்தார். அதே பிலடெல்ஃபியாவில் நாரிஸ் கம்பெனி செய்த என்ஜின்களைப் பத்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் ஒரு ரயில்வே செங்குத்தான ஏற்றத்துக்காக விலைகொடுத்து வாங்கியது. 1840-இல் சுமார் 2,800 மைலாக இருந்த அமெரிக்க இருப்புப்பாதை 1860-இல் 30,000 மைலைத் தாண்டியது. பட்டாம்பிக்கு ரயில் வருவதற்கு முன்பே நடந்தவை இவை.

நம் பக்கம் வந்த ரயிலின் ஏற்பாடு வேறு. அதைக் கட்டிய பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்தை அரசு உறுதி செய்தது. குறையும் பணம் நம் மக்களின் வரியிலிருந்து போயிற்று. செலவைக் குறைக்க வேண்டும், இங்குள்ள கையைக் கொண்டு இங்கேயே செய்து பார்க்க வேண்டும் என்ற நெருக்கடி அந்தக் கம்பெனிகளுக்கு இல்லை. பழுது பார்க்கும் பட்டறைகளில் நம்மவர்கள் திறமையாக உழைத்தார்கள். 1895-இல் அஜ்மீர் பட்டறை ஒரு என்ஜினை முழுதாகவே செய்துகாட்டியது. ஆனால் பெருமளவில் என்ஜின் செய்யும் சித்தரஞ்சன் ஆலை 1950-இல்தான் வந்தது. இரும்புப் பாதை வந்தும், அதில் பழகிய கை மேலே ஏற வழி அடைபட்டிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

இனி பட்டறைக்குள்ளே நடந்த மாற்றம். நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு பம்ப்பின் உதிரிபாகம் அதே அளவு எழுதியிருக்கும் இன்னொரு பம்ப்பில் நுழையாது. அப்பா அதை வைஸில் பிடித்து, அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, மறுபடி அரம் போட்டு அரைநாளில் சேர்த்துக் கொடுப்பார். வந்தவர் "மேஸ்திரி கை வைத்தால்தான் சேரும்" என்று பாராட்டிவிட்டுப் போவார். ஆனால் அந்த அரைநாளுக்கான கூலியை விவசாயி கொடுத்தாக வேண்டும். அடுத்த முறை பழுதானாலும் அப்பாவையே தேடி வர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கி, பூட்டு, கடிகாரம் எல்லாம் இப்படித்தான் செய்யப்பட்டன. இதை உடைத்த பெருமையைப் பொதுவாக எலி விட்னிக்குத் தருவார்கள். அவர் பேசியது அதிகம், செய்து முடித்தது குறைவு என்றுதான் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். உண்மையில் செய்துகாட்டியவர் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதச்சாலையில் வேலை செய்த ஜான் ஹால். 1827-இல் ஒரு குழு வந்து, அவருடைய துப்பாக்கிகளைக் கழற்றி, பாகங்களைக் கலந்துபோட்டு, மறுபடி பூட்டிச் சோதித்தது. எல்லாம் அரமில்லாமல் சேர்ந்தன. இதற்கு அரசின் பணமும் பொறுமையும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. தனியார் முதலாளி எவரும் அவ்வளவு காலம் காத்திருந்திருக்க மாட்டார். 1851-இல் லண்டன் கண்காட்சியில் இத்தகைய அமெரிக்கத் துப்பாக்கிகளைப் பார்த்த பிரிட்டிஷ் அரசு, ஆளனுப்பி விசாரித்துவிட்டு, தன் என்ஃபீல்டு ஆயுதச்சாலைக்கு அமெரிக்க மிஷின்களையே வாங்கியது.

இந்த நுட்பம் ஆயுதச்சாலைகளோடு நின்றுவிடவில்லை. பிராவிடன்ஸ் நகரில் கடிகாரம் பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கிய பிரௌன் அண்ட் ஷார்ப் கம்பெனி, 1858 முதல் வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் தையல் மிஷின்களைச் செய்து கொடுத்தது. உள்நாட்டுப் போர் மூண்டபோது பக்கத்திலிருந்த துப்பாக்கித் தொழிற்சாலைக்கு டிரில் பிட்டுகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. பிட்டில் சுற்றிச் சுற்றிப் போகும் அந்தப் பள்ளத்தை அதுவரை ஆட்கள் உருட்டு அரத்தால் கையாலேயே ராவிக்கொண்டிருந்தார்கள். அதைக் கடைய ஒரு மிஷின் வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலையின் பிரெடரிக் ஹோ கேட்க, ஜோசப் பிரௌன் 1862-இல், சுழலும் வெட்டுப்பற்களால் இரும்பைச் செதுக்கும் யுனிவர்சல் மில்லிங் மிஷினைச் செய்தார். டிரில் பிட்டுக்காகச் செய்த அந்த மிஷின் பல்சக்கரம் வெட்டவும் இன்னும் நூறு வேலைக்கும் ஆயிற்று. தையல் மிஷின், சைக்கிள் என்று எந்தத் தொழில் புதிதாக வந்தாலும் அதன் பட்டறையில் முதலில் போய் நின்றது. அங்கே வேலை பழகிய ஹென்றி லீலண்டு பிற்காலத்தில் காடிலாக் கார் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் அவருடைய மூன்று கார்களை இங்கிலாந்தில் கழற்றிக் கலந்துபோட்டு, மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டினார்கள். ஹாலின் துப்பாக்கிக்கு நடந்த அதே சோதனை!

டிரில் பிட்டை மிஷினில் மாட்டும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. துப்பாக்கிக்காரரின் தேவை, கடிகாரக்காரரின் நுட்பம், தையல் மிஷின் தொழிலின் அனுபவம் மூன்றும் சேர்ந்து அதில் இருக்கின்றன.

சிங்கர் மிஷினைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. 1851-இல் காப்புரிமை பெற்ற அந்தக் கம்பெனி நெடுங்காலம் பாகங்களை அரம் போட்டுத்தான் சேர்த்துக்கொண்டிருந்தது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். 1856-இல் எட்வர்ட் கிளார்க் கொண்டுவந்த தவணைமுறை விற்பனையால்தான் அது முதலில் பெருகியது. 1880-ஐ ஒட்டி ஆண்டுக்கு ஐந்து லட்சம் மிஷின்கள் என்ற அளவு வந்தபோது கையால் ராவிச் சேர்ப்பது இனி நடவாது என்ற நிலை ஏற்பட்டு, மாற்றிக்கொண்டார்கள். நுட்பம் வந்து சந்தையை உண்டாக்கியது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையாகிவிடும். பல இடங்களில் சந்தை வந்து நுட்பத்தை இழுத்திருக்கிறது.

அந்தச் சந்தை எப்படி அவ்வளவு பெரிதாயிற்று என்பதை எல்லையில் வாழும் நான் கூர்ந்து படித்தேன். ராபர்ட் ஃபுல்டன் 1807-இல் ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகு விட்டபோது, அந்த மாநிலத்து நீரில் நீராவிப் படகு விடும் தனியுரிமை அவருக்கும் அவருடைய கூட்டாளி லிவிங்ஸ்டனுக்கும் மட்டுமே இருந்தது. பக்கத்து நியூஜெர்சியிலிருந்து வேறொருவரின் படகு வந்தால் தடுக்கப்பட்டது. 1824-இல் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில், மாநிலங்களுக்கிடையேயான வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். ஹட்சனில் படகுகள் பெருகின, கட்டணம் இறங்கியது. கோவையிலிருந்து வார்ப்பு இரும்பு ஏற்றி வந்த வண்டியோடு எல்லையின் ஒரு சோதனைச் சாவடியில் அப்பாவும் நானும் விடியவிடியக் காத்திருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒரு தாளில் ஒரு முத்திரை குறைந்ததற்காக இரண்டு நாள் வேலை நின்றதும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனைவரிச் சாவடிகள் மூடப்பட்ட பிறகு அதே வண்டி காலையில் கிளம்பி மதியத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த மாற்றத்தை உடம்பால் உணர்ந்தவன் என்பதால், 1824-இன் தீர்ப்பை என்ஜினுக்கும் மில்லிங் மிஷினுக்கும் சமமாக வைக்கிறேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பருத்தியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1793-இல் எலி விட்னி செய்த பருத்தி அரைவை மிஷின், விதையைப் பிரிக்கும் வேலையை எளிதாக்கியது. பறிக்கும் வேலையை எளிதாக்கவில்லை. அதை அடிமைகளே செய்தார்கள். 1790-இல் சுமார் ஏழு லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் ஏறக்குறைய 40 லட்சமாயிற்று. அந்த நாட்டு ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அவர்கள் பறித்த பருத்தியாகவே இருந்தது. இருப்புப்பாதையும் கோதுமை வயலும் பரவிய நிலம் பழங்குடிகளிடமிருந்து பறித்த நிலம். ஜெர்விஸுக்குத் திறந்த வழி, பருத்திக் காட்டில் நின்ற மனிதருக்கு அடைக்கப்பட்டிருந்தது. கையின் திறமை மேலே போகும் உரிமையைப் பற்றித்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், அந்த உரிமை எவருக்கு மறுக்கப்பட்டது என்பதும் அந்தக் கதையின் உள்ளேயே இருக்கிறது.

உருக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1867 வாக்கில் டன் 160 டாலருக்கு மேல் விற்ற உருக்குத் தண்டவாளம், கார்னெகி போன்றவர்களின் ஆலைகள் வந்தபின், 1898-இல் 18 டாலர் அளவுக்கு இறங்கியது. ஆலைகளை வடிவமைத்த அலெக்சாண்டர் ஹாலியின் பெயர் கார்னெகி அளவுக்கு வெளியே தெரியவில்லை என்பது என் குறை. 

கை நகர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காண நான் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கோவை பக்கத்திலேயே இருக்கிறது. 1888-இல் அங்கே முதல் பஞ்சாலை வந்தது. ஆலை மிஷின்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அதே பட்டறைக்காரர்கள் மோட்டாரும் பம்ப்பும் செய்யத் தொடங்கினார்கள், வார்ப்பாலைகள் பெருகின. அப்பா அப்படியொரு வார்ப்பாலையில் மணல் அள்ளும் பையனாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, லேத் பழகி, பிறகு எல்லை தாண்டி இங்கே வந்து பட்டறை போட்டார். இந்த ஊருக்கு வந்து சேர்ந்த முதல் லேத்களில் அவருடையதும் ஒன்று.

ஜெர்விஸ் ஈரி வாய்க்காலுக்கும் ரயிலுக்கும் பிறகு, நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த குரோட்டன் கால்வாயையும் கட்டினார். 1842-இல் நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. கடைசிக் காலத்தை ரோம் நகரிலேயே கழித்து, 1885-இல் அங்கேயே இறந்தார். கோடாரியோடு அவர் வேலைக்குப் போன அந்த ஊருக்குத் தம் வீட்டையும் சேர்த்துவைத்த நூல்களையும் நூலகம் அமைப்பதற்காக எழுதிவைத்துவிட்டுப் போனார். ஜெர்விஸ் பொது நூலகம் என்ற பெயரில் அது இன்றும் அங்கே திறந்திருக்கிறது.